நாலு நிமிட தூரம்

லிஃப்ட் மெக்கானிக்குக்கு நகரத்தில் வீடு கிடைத்தபோது, அடேயப்பா, மனுஷனுக்குக் கால் தரையில் பாவவில்லை. பதினோரு வருடம் புறநகரில் இருந்து பட்ட பாடு அவருக்குத்தானே தெரியும்? ஒரு பஸ், ஒரு ரயில், மறுபடி ஒரு பஸ். மகள் கண் விழிக்கும் முன் கிளம்பிவிடுவார். திரும்பும்போது அவள் பாதித் தூக்கத்தில் இருப்பாள். உப்பு தீர்ந்தால் மனைவி சைக்கிளை எடுக்க வேண்டும்.

இங்கே கீழேயே மளிகைக் கடை, எதிரே மருந்துக் கடை. மகளின் பள்ளிக்கூடம் நாலு நிமிட நடை. அறைகள்தான் சின்னவை, கட்டிலில் ஏறி நின்றுதான் பீரோவைத் திறக்க முடியும். மனைவி அதைப் பெரிதுபடுத்தவில்லை. அடுப்பில் பாலை வைத்துவிட்டுக் கடைக்குப் போய் வந்தேன், இன்னும் பொங்கவில்லை என்று தங்கையிடம் போனில் பீற்றிக்கொண்டாள்.

கம்பெனியில் ஒரு வழக்கம் உண்டு. லிஃப்டில் ஆள் மாட்டிக்கொண்டால், பக்கத்தில் இருக்கும் மெக்கானிக்குக்குத்தான் முதல் போன். டியூட்டி முடிந்திருந்தாலும் சரி. லீவில் இருந்தால் மட்டும்தான் விடுவார்கள். இது தெரிந்தும், புது முகவரியைத் தானே எழுதிக் கொடுத்து, எப்போது வேண்டுமானாலும் கூப்பிடுங்கள் என்று சூப்பர்வைசரிடம் வேறு சொல்லிவைத்தார். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். அன்றிலிருந்து சாப்பாட்டுத் தட்டில் கை வைத்தால் போன் அடித்தது.

பள்ளி நாடகத்தில் மகளுக்குத் தபால்காரர் வேஷம், மூன்றே வரி வசனம். பக்கத்தில்தானே, லீவு எதற்கு என்று அரை மணி பர்மிஷன் வாங்கிக்கொண்டு வந்து உட்கார்ந்தார். திரை விலகப் போகும் நேரம், போன். அடுத்த தெருவில், ஆறாவது மாடிக்கும் ஏழாவதுக்கும் நடுவில், ஒரு கர்ப்பிணி தனியாக மாட்டிக்கொண்டிருந்தாள். மாட்டேன் என்று எப்படிச் சொல்வது? ஓடினார். கதவுக்கு வெளியே நின்று பேச்சுக் கொடுத்தபடியே வேலை பார்த்தார். நாற்பது நிமிடம் கழித்து வெளியே வந்தவள் அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அவர் பள்ளிக்குத் திரும்பியபோது நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தார்கள்.

நடந்ததைச் சொன்னார். மகள் கோபப்படவில்லை. அந்த அக்கா நல்லபடியாக வந்துவிட்டார்களா என்றுதான் கேட்டாள். அது அவரை இன்னும் வதைத்தது. வீட்டுக்கு நடக்கும்போது அவளே பேச்செடுத்தாள்.

"பழைய வீட்ல இருந்தப்ப, ஸ்கூல்ல விழான்னா நாள் பூரா லீவு போடுவீங்க இல்லப்பா?"

"ஆமாம்மா. அவ்வளவு தூரத்துலேர்ந்து நடுவுல வந்துட்டுப் போக முடியாதே."

"இப்ப பக்கத்துல வந்துட்டோம். அதான் லீவு போடல."

கணக்குப் பாடம் ஒப்பிப்பதுபோலத்தான் சொன்னாள். கொஞ்ச தூரம் போய், அந்த மூன்று வரியையும் வீட்டில் தனக்காக ஒருமுறை சொல்லிக் காட்டச் சொன்னார்.

"சொல்றேன்பா. நடுவுல போன் வந்தா?"

"மூணே வரிதானேம்மா. போன் வர்றதுக்குள்ள சொல்லிடு" என்றார்.