எல்லா கோலுக்கும் ஹார்ன்

வில்காரா மைதானத்தில் யார் கோல் போட்டாலும் லயல் ஹார்ன் அடிப்பார். வேலியோரம் வட்டமாக நிற்கும் கார்களில் இருப்பவர்கள் தங்கள் அணி கோல் போட்டால் மட்டுந்தான் அடிப்பார்கள், அதுதான் முறை. லயலுக்கு அந்தப் பாகுபாடு மறந்துபோய் மூன்று வருடமாகிறது. எதிரணி கோல் போட்டு நாங்களெல்லாம் வாயை மூடிக்கொண்டிருக்கும்போது அவருடைய வெள்ளைக் கார் மட்டும் பாம் பாம் என்று கத்தும். "டேய் லயல், நீ எந்தக் கட்சிடா?" என்று பக்கத்துக் காரிலிருந்து யாராவது கேட்பார்கள். அவர் கண்ணாடியை இறக்கி, "நம்ம ஆளா?" என்பார். ஆமாம் என்று சொல்லிவிடுவோம். அந்த வருடம் வில்காரா வாங்கிய உதைக்கு, சொந்த அணியின் கோலுக்கு மட்டும் அடிப்பதாயிருந்தால் மனிதர் மதியம் முழுக்கத் தூங்கியிருக்கலாம்.

அவர் மனைவி நோலா காரில் உட்காரமாட்டாள். அவளுக்கு வேலை இருந்தது. கிளப்பில் அவளுக்கு ட்ரெய்னர் என்று பெயர். ஆனால் யாருக்கும் அவள் எந்தப் பயிற்சியும் கொடுத்ததில்லை. கணுக்காலுக்குப் பட்டை சுற்றுவாள், தொடைக்குத் தைலம் தேய்ப்பாள், மூக்கில் ரத்தம் வந்தால் பஞ்சு அடைப்பாள். ஆட்டம் நடக்கும்போதே தண்ணீர் பாட்டிலோடு உள்ளே ஓடுவாள். அறுபதை நெருங்கும் பெண்மணி, இடுப்பில் கனத்த பையோடு ஓடுவதைப் பார்த்தால் சிரிப்பு வரும். யாரும் சிரித்ததில்லை. ஊரில் பாதி ஆண்களின் முழங்காலை அவள் கையில் பிடித்துப் பார்த்திருக்கிறாள்.

லயல் ஒரு காலத்தில் எங்கள் ஃபுட்டி அணித்தலைவர், கையும் காலும் மோதலும் கலந்த ஆஸ்திரேலியக் கால்பந்து அது. பந்து தரையில் கிடந்தால் தலையைக் குனிந்துகொண்டு நேராகப் போவார், எதிரே யார் வருகிறார்கள் என்று பார்க்கமாட்டார். "லயல் மாதிரி தலையைக் கொடுத்து ஆடணும்டா" என்று எங்கள் அப்பாக்கள் சொல்லித்தான் நாங்கள் வளர்ந்தோம். ஒரு இறுதி ஆட்டத்தில் அவர் நினைவு தப்பி விழுந்தார். தூக்கிக்கொண்டு போய் மூக்கில் எதையோ காட்டி எழுப்பித் திரும்ப அனுப்பினார்கள். போனவர் வெற்றி கோலைப் போட்டார். அப்போது புதுப்பெண்ணாக இருந்த நோலா, காரில் உட்கார்ந்து பாட்டரி செத்துப்போகும்வரை ஹார்ன் அடித்தாள். அன்றைக்கு விருந்தில் லயல் அவளிடம், "நாம இன்னிக்கு யாரோட ஆடினோம்?" என்று கேட்டார். வேடிக்கை பண்ணுகிறார் என்று எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள்.

ஐம்பத்தாறு வயதில் அவர் டிராக்டரைக் கோதுமை வயலின் நடுவே நிறுத்திவிட்டு, சாலைக்கு வந்து, போகிற வண்டியை மறித்துத் தன் வீட்டுக்கே வழி கேட்டார். மெல்பர்னில் மூளையைப் படம் எடுத்துப் பார்த்த டாக்டர், "ரக்பி ஆடினாரா, ஃபுட்டி ஆடினாரா?" என்றுதான் முதலில் கேட்டாராம். நோலா வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அழுதாள்.

வில்காராவும் அப்போது அவரைப் போலத்தான் கரைந்துகொண்டிருந்தது. பள்ளிக்கூடம் மூடியாயிற்று. நிலங்களை நாலைந்து பெரிய குடும்பங்கள் வாங்கிவிட்டன. பெரிய இயந்திரம் ஒன்று ஓடும் இடத்தில் பத்து இளவட்டங்களுக்கு வேலை ஏது? கிளப்பின் ஆள் தேர்வுக் குழுத் தலைவர் நெவில், எங்களுக்கு நெவ். அவருக்கு ஒரு காலத்தில் யாரை விடுவது என்பதுதான் தலைவலி. இப்போது யாரிடம் கெஞ்சுவது என்பது தலைவலி. கசாப்புக் கடைக்காரர் நாற்பத்தேழு வயதில் மறுபடி பூட்ஸ் மாட்டினார். யாரோ ஒருவருடைய மருமகன் பார்பிக்யூவுக்கு வந்த இடத்தில் பிடிபட்டான். பதினெட்டுப் பேர் ஆட வேண்டிய ஆட்டம். பதினாலு பேர் இருந்தால் இறங்கலாம் என்று போட்டி நடத்தும் லீக் சட்டம் வைத்திருந்தது. அந்தப் பதினாலும் இல்லாமல் இரண்டு தடவை ஆட்டத்தை விட்டுக்கொடுத்தாயிற்று. இன்னொரு தடவை விட்டால் பட்டியலிலிருந்து கிளப்பின் பெயரை எடுத்துவிடுவோம் என்று லீக் சொல்லிவிட்டது.

அந்த அணியில் ஆட்டக்காரன் என்று சொல்லத்தக்கவன் ஒருவன்தான் இருந்தான், கேடன். பத்தொன்பது வயது, நல்ல உயரம். சின்ன வயதிலிருந்தே நெவ் அவனை சைலோ என்னும் தானியக் கோபுரத்தின் சுவரெதிரே நிறுத்தி இடது காலால் உதைக்க வைத்து வளர்த்தார். மற்ற கிளப்புகள் காசு கொடுத்து ஆள் வாங்கும்போது, எங்களிடம் இருந்தது நெவ்வின் பொறுமையும் அந்தச் சுவரும்தான். அவன் புகழ் பல்லாரட் நகரம்வரை போய், அங்கிருந்து பெரிய அணிகளுக்கு ஆள் பார்ப்பவர் ஒரு சனிக்கிழமை அவனைப் பார்க்க வருவதாகச் சேதி வந்தது. நெவ் அந்த வாரம் தினமும் சவரம் செய்துகொண்டார்.

அதற்கு முந்தின சனிக்கிழமை ஆட்டத்தின் கடைசியில், பந்து மறுகோடியில் இருந்தபோது, கேடனின் காதோரம் ஒரு முழங்கை இடித்தது. பந்தைப் பார்த்துக்கொண்டிருந்த யாரும் அதைப் பார்க்கவில்லை. நோலா பந்தைப் பார்க்கும் பழக்கத்தை விட்டு வெகுகாலமாயிற்று. அவள் விழுகிறவர்களைத்தான் பார்ப்பாள். தண்ணீர் பாட்டிலோடு ஓடினாள். அவன் எழுந்து நின்று தலையை உதறிக்கொண்டிருந்தான்.

"நோலா, நாம எந்தப் பக்கம் உதைக்கிறோம்?"

அவள் அவன் கண்களை உற்றுப் பார்த்தாள். அடுத்த நிமிஷம் சைரன் ஊதி ஆட்டம் முடிந்துவிட்டது. உடை மாற்றும் அறையில் அவளைத் தனியாகப் பிடித்துக்கொண்டு கேடன் சொன்னான்: "ப்ளீஸ் நோலா, யார்கிட்டயும் மூச்சு விடாதீங்க. தலையில அடின்னா மூணு வாரம் உட்கார வச்சிருவாங்க. அந்த ஆளு ஒரே ஒரு தடவைதான் வர்றாரு."

அந்த வாரம் அவளுக்குச் சோறு இறங்கவில்லை. அவனைச் சேர்த்தால் சரியாகப் பதினாலு. சொன்னால் கிளப் போகும், அவன் வாய்ப்பும் போகும். சொல்லாவிட்டால் எது போகும் என்பது, காலை உணவுக்குக் கரண்டியைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு அவள் எதிரே உட்கார்ந்திருந்தது.

வியாழக்கிழமை பயிற்சி முடிந்து, கிளப் ஹாலில் எல்லோரும் சாப்பாட்டுத் தட்டோடு உட்கார்ந்திருக்க, சமையலறைக்குப் பின்னாலிருந்த சின்ன அறையில் தேர்வுக் குழு கூடியது. நெவ், கோச் டாமியன், உடம்பு நிலவரம் சொல்ல நோலா. பலகையில் பெயர் எழுதிய காந்தச் சில்லுகளை டாமியன் நகர்த்திக்கொண்டிருந்தான்.

"கேடனை எடுத்துருங்க" என்றாள் நோலா. "போன வாரம் தலையில அடி. எந்தப் பக்கம் உதைக்கணும்னு எங்கிட்ட கேட்டான்."

டாமியனின் கை பலகையிலேயே நின்றுவிட்டது. நெவ் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"நான் ஒண்ணும் பாக்கலையே."

"நான் பாத்தேன்."

"சரி, ஒண்ணு பண்ணுவோம். பேரை எழுது. கோல் கம்பத்துக்கிட்ட போய் நிக்கட்டும். பந்து பக்கமே போகவேணாம்னு சொல்லிருவோம். ஆளு கணக்குக்கு ஆச்சு. சும்மா மரம் மாதிரி நிக்கட்டும்!"

"பல்லாரட்ல இருந்து ஒருத்தர் பாக்க வந்திருக்கும்போது? பந்து தலைக்கு மேல வர்றப்ப அவன் மரம் மாதிரி நிப்பானா, நெவ்? நீ வளத்த பையன். நீயே சொல்லு."

நெவ் குரலைத் தாழ்த்திக்கொண்டு பேசினார். "நோலா, இந்தக் கிளப்பும் போச்சுன்னா இந்த ஊர்ல என்ன மிச்சம்? ஒரு சைலோ, குடிக்க ஒரு பப், ஒரு கல்லறைத் தோட்டம். அதுலயும் பப்பை விக்கப்போறானாம். உன் லயல் சனிக்கிழமை எங்க போவான்? அதை யோசிச்சியா?"

"அவனைத்தான் யோசிக்கிறேன்" என்றாள் நோலா. "அவனை எழுப்பித் திரும்ப அனுப்பினப்ப நீயும் பக்கத்துல நின்ன. நான் ஹார்ன் அடிச்சேன். இன்னொரு தடவை என்னால முடியாது."

டாமியன் கேடனின் சில்லைப் பலகையிலிருந்து எடுத்துப் பையில் போட்டுக்கொண்டான். நெவ் மாலை முழுக்கப் போன் போட்டார். ஒருவனுக்குச் சுரங்கத்தில் வேலை, இன்னொருவனுக்கு அக்கா கல்யாணம். பதினாலாவது ஆள் கிடைக்கவில்லை. ஹாலில் காத்திருந்தவர்களுக்கு அன்று அணியின் பெயர்கள் வாசிக்கப்படவில்லை. நெவ் மைக்கைப் பிடித்து, "அவ்வளவுதான் மக்களே" என்று மட்டும் சொன்னார். தட்டுகளைக் கழுவி வைத்துவிட்டு எல்லோரும் வீட்டுக்குப் போனார்கள்.

திட்டியிருந்தால்கூட நோலாவுக்குத் தேவலையாக இருந்திருக்கும். யாரும் திட்டவில்லை. பேக்கரிக்குள் அவள் நுழைந்தால் பேச்சு மழையின் பக்கம் திரும்பிவிடும். எங்கள் வலைப்பந்துப் பெண்களும் அதே கிளப்பின் பெயரில்தான் ஆடிக்கொண்டிருந்தார்கள். அவர்களுடைய ஆட்டமும் சேர்ந்து போயிற்று. என் தங்கையும் அதில் ஒருத்தி. நானும் இரண்டு வாரம் நோலாவைப் பார்த்துவிட்டுப் பார்க்காத மாதிரி போனேன், பொய் சொல்வானேன். கேடன் ஒருத்தன்தான் அவள் வீட்டு வாசலுக்கே வந்து கேட்டான்.

"உங்களுக்கு இப்ப சந்தோஷமா? பத்து வருஷம் சுவத்துல உதைச்சேன். ஒரு வார்த்தையில தீத்துட்டீங்களே!"

"உன் தலைக்காகத்தான்டா சொன்னேன்."

"என் தலை. உங்க தலையில்ல."

உள்ளேயிருந்து எட்டிப் பார்த்த லயல், "நம்ம ஆளா?" என்றார். கேடன் அவரை ஒரு நிமிஷம் பார்த்துவிட்டுப் போய்விட்டான்.

அத்தோடு முடிந்திருந்தால், கிளப் போனாலும் பையன் மிஞ்சினான் என்று அவள் மனதைத் தேற்றிக்கொண்டிருப்பாள். அப்படி முடியவில்லை. கிளப் இல்லாமல் போனதால் ஆட்டக்காரர்கள் எந்த அணிக்கும் போகலாம் என்றாயிற்று. பக்கத்து ஊர் டூலன் கேடனை அள்ளிக்கொண்டது. அவன் வேறெங்கோ போய், தலைவலி மயக்கம் எதுவும் இல்லை என்று சொல்லி ஒரு டாக்டரிடம் சீட்டும் வாங்கிவிட்டான். பல்லாரட்காரரும் டூலனுக்கு வருவதாகச் சொன்னார்கள். அடிபட்டு இன்னும் மூன்று வாரம் ஆகவில்லை. நோலா டூலன் கோச்சுக்குப் போன் போட்டாள்.

"உங்க கிளப்பைத்தான் மூடிட்டீங்க, எங்களையாவது ஆட விடுங்கம்மா" என்று சொல்லி அவன் வைத்துவிட்டான்.

அந்தச் சனிக்கிழமை லயல் காலையிலேயே கிளப்பின் கருப்பு சிவப்பு மப்ளரைச் சுற்றிக்கொண்டு போய்க் காரில் உட்கார்ந்துவிட்டார். முந்தின வாரம் அவள் வில்காராவின் வெறும் மைதானத்தருகே அவரைக் கொண்டுபோய் நிறுத்தியிருந்தாள். யாரும் இல்லாத புல்லைப் பார்த்துக்கொண்டு அவர் இரண்டு மணி நேரம் கையை ஹார்ன் மேலேயே வைத்திருந்தார். அதை மறுபடி பார்க்க அவளுக்குத் தெம்பில்லை. டூலனுக்கு ஓட்டினாள்.

டூலன் மைதானத்தைச் சுற்றி நிறைய கார்கள். கேடன் பிரமாதமாக ஆடினான், சொல்லாமல் இருக்க முடியாது. இடது காலில் இரண்டு கோல். ஆட்டத்தின் நான்கில் மூன்றாவது பகுதியில் தரையில் கிடந்த பந்துக்குத் தலையைக் குனிந்துகொண்டு நேராகப் போனான். எதிரே வந்தவனின் இடுப்பு அவன் நெற்றியில் மோதியது. கேடன் மல்லாந்தான். நோலா கதவைத் திறந்துகொண்டு ஓடினாள். இடுப்புக்குக் கை போனது, பை இல்லை. வேலியோரம் நின்ற டூலன் ட்ரெய்னரிடம் போய், "அந்தப் பையனை வெளியில எடு. அவனுக்கு இது ரெண்டாவது" என்றாள். ட்ரெய்னர் சின்ன வயசுக்காரன், நல்ல மாதிரிதான்.

"எந்திரிச்சிட்டான் பாருங்க. நீங்க போய்க் கார்ல உட்காருங்கம்மா."

கேடன் எழுந்திருந்தான். மோதலுக்காக நடுவர் அவனுக்கே ஃப்ரீ கிக் கொடுத்தார். மெல்ல ஓடிவந்து இடது காலால் உதைத்தான். பந்து இரண்டு உயரக் கம்பங்களுக்கும் நடுவே போயிற்று. மைதானம் முழுக்கக் கார்கள் அலறின. கூட்டாளிகள் அவனைக் கட்டிப்பிடித்துவிட்டு அவரவர் இடத்துக்கு ஓடினார்கள். கேடன் மட்டும் அங்கேயே நின்று இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தான். ஒருவன் திரும்பி வந்து அவன் தோளைப் பிடித்துச் சரியான பக்கம் திருப்பிவிட்டான். ஹார்ன் சத்தத்தில் அதை நோலாவைத் தவிர யாரும் கவனிக்கவில்லை.

நோலா காருக்குத் திரும்பிக் கதவைச் சாத்திக்கொண்டாள். லயல் முகமெல்லாம் சிரிப்பாக ஹார்னை அழுத்திக்கொண்டிருந்தார். அவர் கையைப் பிடித்து இழுத்துப் பார்த்தாள். உழைத்த கை, அசையவில்லை. அவர் திரும்பி அவளைப் பார்த்தார்.

"நம்ம ஆளா?"

"ஆமா லயல்" என்றாள் நோலா. "நம்ம ஆள்தான்."

அவர் இன்னும் பலமாக அழுத்தினார்.