அவசரமாகப் புதைத்த கட்டைவிரல்

எகிப்தின் தும்யாத் நகரில் ஹாஜி கரீபின் சோபா பட்டறையில், ஸ்பாஞ்ச் வெட்டும் மெஷின் முன்னால் பதினோரு வருஷம் நின்றவள் இன்ஷிராஹ். பெருநாள் ஆர்டர் குவிந்த வாரத்தில், வேலை சுணங்குகிறது என்று பிளேடை மூடியிருந்த தகட்டை ஹாஜியே கழற்றி எறிந்தார். மூன்றாம் நாள் முற்பகலில் அவளுடைய வலது கட்டைவிரல் அடியோடு போயிற்று.

கையில் துணியைச் சுற்றிக்கொண்டு புருஷன் மெத்வல்லியோடு மன்சூரா ஆஸ்பத்திரிக்கு ஓடினாள். கட்டைப் பிரித்த டாக்டர் நெர்மீன் முதலில் கேட்டது, "விரல் எங்கம்மா?"

மெத்வல்லி பட்டறைக்கு போன் போட்டான். ஹாஜியின் குரல் அறை முழுக்கக் கேட்டது. "மனுஷ உடம்பாச்சே, கிடக்க விடலாமா? துஆ ஓதி அப்பவே அடக்கம் பண்ணிட்டேன்."

டாக்டர் பல்லைக் கடித்தாள். "ஈரத்துணியில சுத்தி, பையில போட்டு, அந்தப் பைய ஐஸ் மேல வெச்சுக் கொண்டாந்திருந்தா இன்னிக்கே தெச்சுப் பார்த்திருப்பேன்."

வலியைவிட அந்தச் சொல்தான் இன்ஷிராஹை எரித்தது. பார்க்க வந்த பக்கத்து வீட்டுக்காரி, "ஹாஜியார் தங்கமான மனுஷன், துஆவெல்லாம் ஓதியிருக்காரு" என்றபோது சீறினாள்: "ஆமாடி, உயிரோட இருக்கும்போதே என்னைக் கொஞ்சம் புதைச்சிட்டாரு. தங்கம்தான்!"

பத்தாம் நாள் ஹாஜி ஒரு தட்டு பஸ்பூசா இனிப்போடும் ஒரு காகிதத்தோடும் மைப்பெட்டியோடும் வந்தார்.

"உம்மு ஹாஸிம்" என்று மகன் பெயரைச் சேர்த்து அவளை அழைத்தார். "நீயாத்தான் கவனமில்லாம கையை விட்டேன்னு எழுதியிருக்கு. கட்டுப் போட்ட கையால பேனா பிடிக்க முடியாது, ஒரு கைநாட்டு வெச்சிடு."

"எந்த விரலால ஹாஜியாரே? தோண்டி எடுத்துட்டு வாங்க, வெக்கிறேன்."

"இடது கை இருக்கே" என்றார் அவர், கொஞ்சமும் கூசாமல்.

அவள் வீசிய மைப்பெட்டி பறந்துபோய்ச் சுவரில் மோதியது. "இனி பட்டறைப் பக்கம் வராதே" என்று கத்திவிட்டுப் போனார்.

காலின் இரண்டாம் விரலை எடுத்துக் கட்டைவிரலாக வைக்கலாம் என்றாள் டாக்டர். மெத்வல்லிக்குப் பிடிக்கவில்லை. "காலையும் ஊனமாக்கிக்கணுமா? பொம்பளைக்கு நாலு விரல் போதாதா?"

"கட்டைவிரலை மடக்கிக்கிட்டு உன் சட்டைப் பொத்தானைப் போடு பார்ப்போம்" என்றாள் இன்ஷிராஹ்.

அவன் முயன்றான். மூன்றாவது பொத்தானில் கையைத் தொங்கப் போட்டான்.

ஒன்பது மணி நேர ஆபரேஷன். புது விரல் குட்டையாக, நகம் சின்னதாக, கையோடு ஒட்டாத சாயலில் இருந்தது. பல மாதம் அது மரக்கட்டைதான். ஏழாம் மாதம் ஒருநாள் தேநீர் கிளாஸைப் பிடித்தபோது சுட்டது. "சனியனே!" என்று திட்டிவிட்டு, மறுபடி தொட்டுப் பார்த்தாள். சுட்டது.

அதே வாரம் தொழிலாளர் அலுவலகத்துக்குப் போய், அந்த விரலால் பேனாவைப் பிடித்துப் புகாரை எழுதிக் கொடுத்தாள். அதிகாரிகள் வந்து மெஷினைப் பூட்டி முத்திரை வைத்தார்கள். பதினைந்து நாள் கழித்துத் தகட்டை மாட்டிய பிறகே திறக்க விட்டார்கள். அவளுக்கு வேலை திரும்பக் கிடைக்கவில்லை.

கூட வேலை செய்த சதிய்யா மீன் கடை வாசலில் வழிமறித்தாள். "உன்னால பதினஞ்சு நாள் கூலி போச்சு. நல்லா இருப்பியா நீ?"

இன்ஷிராஹ் அவள் இரண்டு கைகளையும் பிடித்து அவள் முகத்துக்கு நேரே தூக்கினாள்.

"எண்ணிப் பாருடி. பத்தும் இருக்கா? இருக்கில்ல? அப்ப வழியை விடு."