புது ஆளாக நுழையும் அக்கா

சலவைக்கூடத்துக்குள் நாலடி வைத்த அக்கா சட்டென்று திரும்பி வெளியே போனார். மறுபடி உள்ளே வந்து, வாசலிலேயே கையைக் கட்டிக்கொண்டு திருதிருவென்று விழித்தார். “நான் யாரைக் கேக்கறது? எல்லாரும் முதுகைக் காட்டிக்கிட்டு நிக்கறீங்களே!” என்று எங்களைத் திட்டினார்.

மேற்பார்வை பார்க்கும் அக்காவுக்கு இப்படிப் புது ஆளாக நுழைந்து பார்ப்பது தினப்படி வேலையாகிவிட்டது. புதிதாகச் சேருகிறவர்கள் யாரும் மதியச் சாப்பாடு வரைகூடத் தங்குவதில்லை. இனி ஓர் ஆள் ஓடினாலும் கூடத்தையே வெளி ஏஜென்சிக்குக் கொடுத்துவிடுவேன் என்று முதலாளி கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அப்படி நடந்தால் எங்கள் பிழைப்பில் மண்தான்.

ஆகவே அக்கா திட்டம் போட்டார். முதல் நாள் புது ஆளை மெஷின் பக்கமே விடக்கூடாது; உலர்ந்த துணியை மடிக்க மட்டும்தான் விடவேண்டும். பிறகு ஈரத்துணி. இஸ்திரியெல்லாம் கை பழகிய பிறகுதான். யார் எதைச் சொல்வது என்று ஒத்திகை வேறு. புது ஆளாக நடிக்க, மீசை நரைத்த இஸ்திரிக்கார அண்ணன் அகப்பட்டார்.

“அண்ணே, கூச்சப்படுங்க.”

“உங்கிட்ட எனக்கென்னம்மா கூச்சம்?”

“நீங்க புது ஆளு! சாமியே வேலைக்கு வந்தாலும் முத நாளு கக்கூஸ் எங்கேன்னு தெரியாதுண்ணே.”

கடவுள் புண்ணியத்தில் ஒருவர் வந்து சேர்ந்தார். மகளைக் கட்டிக்கொடுத்துவிட்ட பெண்மணி. ஒத்திகை மொத்தமும் அவர்மேல் பாய்ந்தது. அண்ணன் கழிப்பறையைக் காட்டினார்; மெஷின்காரர் திரும்பவும் காட்டினார்; என் பங்குக்கு நானும் காட்டினேன்.

“தண்ணி இங்க!”

“பயப்படாதீங்கம்மா!”

“பயப்படவே கூடாது!”

அந்தம்மாவுக்கு வியர்த்துவிட்டது. “இத்தனை பேரு பயப்படாதேங்கறீங்க… அப்போ இங்க ஏதோ இருக்கு” என்று பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கதவைப் பார்த்தார்.

அக்கா எங்களைக் கையாலேயே அடக்கினார். உலர்ந்த குவியலிலிருந்து இரட்டைக் கட்டில் விரிப்பு ஒன்றை உருவி, இரண்டு முனைகளைத் தான் பிடித்துக்கொண்டு, மற்ற இரண்டையும் பேசாமல் அந்தம்மா பக்கம் நீட்டினார்.

அந்தம்மா கொஞ்சம் யோசித்தார். பையைக் கீழே வைத்துவிட்டு முனைகளை வாங்கினார். இருவரும் பின்னால் நகர்ந்தார்கள்.

“இழுத்துப் பிடிங்கக்கா, நடுவுல தொங்குது.”

அக்கா இழுத்துப் பிடித்தார்.