காத்திருப்பு நேரம்

போன வாரம் திருக்கோவிலூரில் ஒரு ஜெராக்ஸ் கடையில் நின்றிருந்தேன். கரண்ட் போனதும் யூபிஎஸ் பெட்டி சூடாகி ஒரு வாடை வந்தது. கள்ளக்குறிச்சியில் நான் முதன்முதலாக வேலை பார்த்த மாடி அறையின் வாடை அது.

ஆம்புலன்ஸ் அழைப்புகளை வாங்கி வண்டிக்கு அனுப்பும் மென்பொருளை அங்கே சோதித்தோம். தான் செய்வதையெல்லாம் அது வரிவரியாக எழுதி வைக்கும், லாக் என்போம். தினமும் அதே மாதிரி அழைப்புகளைக் கொடுத்து, நேற்றைய லாக்கோடு இன்றையதை ஒப்பிட்டால் மாறிய வரிகள் சிவப்பாகும், எது கெட்டிருக்கிறது என்று தெரிந்துவிடும். முதல் நாள் நான் ஒப்பிட்டபோது திரை முழுக்கச் சிவப்பு. "எல்லாமே தப்பா இருக்குங்க" என்று அறையே கேட்க அறிவித்துவிட்டேன். பக்கத்து மேசை லட்சுமணன் சிரிக்கவில்லை.

"மணி மாறிக்கினேதான இருக்கும்? அழைப்பு நம்பரும் மாறும். அதுங்கள மொதல்ல மறைச்சிடு."

மாறும் இடங்களில் 'நேரம்', 'எண்' என்று பொதுச்சொல் போட்டதும் சிவப்பு அடங்கியது.

லட்சுமணன் கல்வராயன் மலைக்காரன். அதிகம் பேசமாட்டான். ஒருநாள் மேலாளர் வந்து, "வண்டிக்குக் காத்திருக்கிற நேரமும் ஓயாம மாறுது. அதையும் மறைச்சிடுங்க. வெள்ளிக்கெழம குடுத்தாகணும்" என்றார்.

லட்சுமணன் எழுந்து நின்றான். "அத மட்டும் வேணாங்க."

"இன்னாப்பா, ஏன்?"

"எங்கம்மா வண்டிக்குக் காத்துக்கினு இருந்துதாங்க செத்துப்போனாங்க. கொஞ்சம் மாறுனா மறைச்சிடலாம். ஜாஸ்தியா மாறுனா காட்டணும்."

மேலாளர் "சரி, ஒரு அளவு வெய்யி" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

அளவுக்குள் இருந்தால் மறைப்பது, மீறினால் அப்படியே விடுவது என்று எழுதினோம். மறுநாள் சில சிவப்பு வரிகள் வந்தன. எல்லாம் மலையிலிருந்து வருவதுபோல் நாங்கள் வைத்திருந்த மாதிரி அழைப்புகள். பாதியில் சிக்னல் அறுந்தால் அழைப்பு வரிசையின் கடைசிக்குப் போய் அங்கேயே கிடந்தது. வெள்ளிக்கிழமை தவறியது. திட்டு வாங்கிய மேலாளர் எங்களிடம் அதைக் காட்டிக்கொள்ளவில்லை.

திருத்திக் கொடுத்த சில வாரங்களில் கல்வராயன் மலையில் வெள்ளிமலைப் பக்கமிருந்து நிஜமான அழைப்பு ஒன்று லாக்கில் வந்திருந்தது. பிரசவ வலி. சிக்னல் பாதியில் அறுந்திருந்தது. ஆனாலும் வண்டிக்குத் தகவல் உடனே போயிருந்தது. லட்சுமணன் அந்த வரியைத் திரும்பத் திரும்பப் படித்தான். டிரைவருக்கு போன் போட்டான். பிறகு படிக்கட்டில் போய் உட்கார்ந்துகொண்டான். நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"புள்ள பொறந்துட்ச்சாம். ரெண்டு பேரும் நல்லாக்கீறாங்களாம்" என்றான். முகத்தை என் பக்கம் திருப்பவில்லை.

அந்த நிறுவனம் இன்று இல்லை. மாடியில் பல் மருத்துவர் இருக்கிறார். லட்சுமணன் பெங்களூரு போய்விட்டான். கணினிகளை விற்பதற்கு முன் உள்ளே இருந்ததையெல்லாம் அழித்தார்கள். அவன் படித்த அந்த வரியும் அதோடு போயிற்று.