பூங்காவுக்கு விட்ட இடம்

பட்டாபிராமுக்கு அப்பால் அப்பா மனை வாங்கியபோது, சாலையோரம் நட்டிருந்த விளம்பரப் பலகையை எங்களை நிறுத்திவைத்து வாய்விட்டுப் படித்தார். ரயில் நிலையம் ஐந்து நிமிடம், பள்ளிக்கூடம் பக்கத்தில், ஆஸ்பத்திரி பக்கத்தில், சுவையான நிலத்தடி நீர். குடிவந்த பிறகு ஒவ்வொன்றாக விளங்கியது. ரயில் நிலையம் ஐந்து நிமிடம்தான், நம்மிடம் கார் இருந்து, ரயில்வே கேட்டும் திறந்திருந்தால். பள்ளிக்கூடம் அஸ்திவாரத்தோடு நின்றிருந்தது. நிலத்தடி நீரில் சுவை இருந்தது உண்மைதான், உப்புச் சுவை. அப்பா மட்டும் அந்தப் பலகையைக் குறைசொல்லவே இல்லை. சொந்த வீட்டுச் சுவரில் ஆணி அடிக்க எவனிடமும் கேட்கவேண்டாம் என்பது அவருக்குப் போதுமானதாக இருந்தது.

அதுவரை ஆவடியில் குவார்ட்டர்ஸில் இருந்தோம். அப்பா அங்கே பாதுகாப்புத் துறைத் தொழிற்சாலையில் ஃபிட்டர். தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து வந்தவர்கள் நாங்கள். பக்கத்து வீடு சேலம், மாடியில் தஞ்சாவூர். வீடு சின்னதுதான், மழைக்கு ஒழுகும். ஆனால் வாசலை விட்டு இறங்கினால் நிழல் தரும் மரங்கள், நூலகம், ஆஸ்பத்திரி, சாயங்காலம் விளக்குப் போடும் மைதானம். அந்த மைதானத்தில்தான் அக்கா வாலிபால் ஆடினாள். எனக்கு எட்டு வயதும் அவளுக்குப் பதினைந்தும் நடந்தபோது, அவள் எம்பி அடிக்கும் பந்தைப் பார்ப்பதற்காகவே ஷிப்ட் முடிந்து வரும் ஆண்கள் சைக்கிளை நிறுத்துவார்கள். பயிற்சி கொடுத்த மாஸ்டர், பன்னிரண்டாவது முடித்ததும் அவளை விளையாட்டு விடுதித் தேர்வுக்கு அழைத்துப்போவதாகச் சொல்லியிருந்தார். அங்கே எடுத்துக்கொண்டால் சாப்பாடு, படிப்பு, ஆட்டம் எல்லாம் அவர்கள் பொறுப்பு. அக்கா அதை வீட்டில் நூறு தடவை சொல்லியிருப்பாள்.

நாங்கள் இருந்த வரிசையை இடிக்கப்போவதாகப் பேச்சு வந்ததும் அப்பா முந்திக்கொண்டார். புது நகருக்கு நாங்கள் குடிவந்தபோது இருந்தவை மொத்தம் முப்பது நாற்பது வீடுகள். நடுநடுவே வெறும் மனைகள். தெருவிளக்குக் கம்பங்கள் இருந்தன, விளக்கு இல்லை. எனக்கு அது ஒன்றும் குறையாகத் தெரியவில்லை. மொட்டைமாடி முழுக்க எங்களுடையது, கேட்டின் மேலேறி ஆடினாலும் கேட்க ஆளில்லை.

அக்கா சில மாதங்கள் ஆவடி மைதானத்துக்குச் சைக்கிளில் போய் வந்தாள். ராணுவச் சரக்கு ரயில்கள் நிற்கும் பாதையை ஒட்டி வரும் சாலை சாயங்காலமானால் வெறிச்சோடிவிடும். ஒரு நாள் பைக்கில் வந்த இரண்டு பேர் அவளை ஒட்டியே வெகுதூரம் வந்திருக்கிறார்கள். அவள் அதை அம்மாவிடம் மட்டும்தான் சொன்னாள். அம்மா அப்பாவிடம் சொன்னாள். அப்பா சைக்கிளைப் பூட்டிச் சாவியைத் தன் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். திட்டவில்லை, அடிக்கவில்லை. "ரோட்டுல லைட்டு வரட்டும், பொறவு போ" என்று மட்டும் சொன்னார்.

எங்கள் தெருமுனையில் பூங்காவுக்கு என்று மனைப்படத்தில் பச்சை அடித்துவிட்ட இடம் ஒன்று இருந்தது. நிஜத்திலும் அது பச்சையாகத்தான் இருந்தது, ஆள் உயரத்துக்கு வேலிகாத்தான். அந்தக் கோடை விடுமுறையில் அக்கா எதிர்வீட்டு அத்தையிடம் அரிவாள் கேட்டு வாங்கினாள். எதிர்வீட்டு அத்தை அந்தப் பக்கத்திலேயே பிறந்து வளர்ந்தவள். அவள் வீட்டுக்காரர் ஷேர் ஆட்டோ ஓட்டினார்.

"இன்னாத்துக்கு அருவா? யார வெட்டப் போற?" என்றாள் அத்தை.

"முள்ளு வெட்டணும் அத்தே. கிரவுண்டு போடப் போறேன்."

"நீ ஒண்டியாவா? நல்லா கீது கத. இரு, நானும் வர்றேன்."

அத்தை வந்தாள், அவளுடைய இரண்டு பெண்களும் வந்தார்கள். பூந்தமல்லியிலிருந்து வந்து எங்கள் பின்தெருவில் தையல்கடை வைத்திருந்த பாய் வீட்டுப் பெண் நஸ்ரின் கையில் பழைய துணியைச் சுற்றிக்கொண்டு வந்தாள். முள் வெட்டி, வேர் தோண்டி, தரையை மட்டம் பண்ணி முடிப்பதற்குள் எல்லார் கையும் கீறல். வீடு கட்டுகிற இடத்திலிருந்து இரண்டு சவுக்குக் கட்டை கேட்டு வாங்கி நட்டார்கள். மாஸ்டர் பழைய வலை ஒன்றை அப்பாவிடம் கொடுத்தனுப்பினார். அதிலிருந்த ஓட்டைகளை நஸ்ரினின் அப்பா கடையில் உட்கார்ந்து தைத்துக்கொடுத்தார். அக்கா அளவு நாடா பிடித்துச் சுண்ணாம்புக் கோடு போட்டாள். ஒரு விரற்கடை பிசகினாலும் அழித்து மறுபடி போட்டாள்.

அதன் பிறகு சாயங்காலமானால் அங்கேதான் நகரே நின்றது. பந்தைக் கண்டால் கண்ணை மூடிக்கொள்ளும் பெண்களுக்கு அக்கா ஆட்டம் சொல்லிக்கொடுத்தாள். நஸ்ரின் இடது கைக்காரி. அவள் போடும் சர்வீஸ் எங்கே விழும் என்று அவளுக்கே தெரியாது, எதிரில் இருப்பவர்களுக்கு எப்படித் தெரியும்? கால்வாயில் விழும் பந்தை எடுத்துவருவது என் வேலை. அக்கா என்னை அதற்கு மேல் உயர்த்தவில்லை என்பதில் எனக்கு மனத்தாங்கல் உண்டு.

தண்ணீர் லாரியின் ஹாரன் கேட்டால் ஆட்டம் பாதியில் நிற்கும். பந்து மேலே இருக்கும்போதே கீழே ஆள் இருக்காது. எல்லாரும் குடத்துக்கு ஓடியிருப்பார்கள். லாரி ஒரு நாள் வரும், நான்கு நாள் வராது. வந்தாலும் குழாயைப் பிடிப்பதில் சண்டை. இடுப்பில் ஒன்றும் கையில் ஒன்றுமாகச் சுமந்து அம்மாவுக்கு முதுகு வளைந்துபோயிற்று. கிணற்றின் உப்புத் தண்ணீரில் குளித்துக் குளித்து அக்காவின் முடி கொத்துக்கொத்தாகக் கொட்டியது. ஒரு நாள் அம்மாவே அதைக் கழுத்தளவுக்கு வெட்டிவிட்டாள். ஆட்டத்துக்கு வசதி என்று அக்கா சிரித்தாள். அம்மா வெட்டிய முடியை வெகுநேரம் கையில் வைத்திருந்தாள்.

குவார்ட்டர்ஸில் அம்மா சத்தமாகப் பேசி நான் கேட்டதில்லை. இங்கே தண்ணீர் அவளைப் பேசவைத்தது. எதிர்வீட்டு அத்தையைக் கூட்டிக்கொண்டு வீடுவீடாகப் போனாள். நகராட்சி அலுவலகத்தின் படிகளில் ஏறி இறங்கினாள். ஒன்றும் நடக்காமல் போகவே, ஒரு காலையில் நகரின் பெண்கள் எல்லாரும் காலிக் குடங்களோடு பெரிய சாலையில் உட்கார்ந்தார்கள். முன்வரிசையில் அம்மா. பஸ்கள் நின்றன, போலீஸ் வந்தது. எழுந்துபோகச் சொன்ன போலீஸ்காரரிடம் அம்மா, "நீங்க என் வீட்டுல வந்து ஒருவாய்த் தண்ணி குடிங்க, நான் எந்திச்சிருதேன்" என்றாளாம். அடுத்த வாரமே பொறியாளர் ஒருவர் இடம் பார்க்க வந்துவிட்டார்.

அவர் வந்தது ஒரு சாயங்காலம், ஆட்டம் நடந்துகொண்டிருந்தபோது. நகரே அவர் பின்னால் திரண்டு வந்தது. மேல்நிலைத் தொட்டி கட்டத் திட்டம் தயாராக இருக்கிறது, பொது இடம்தான் வேண்டும் என்றார் அவர். மனைகள் எல்லாம் விற்றுப்போயிருந்தன. பூங்காவுக்கு விட்ட இடம் ஒன்றுதான் பாக்கி. அவர் வலையைப் பார்த்தார், கோடுகளைப் பார்த்தார், வியர்த்து நின்ற பெண்களைப் பார்த்தார்.

"புதரா கிடக்குன்னு சொன்னாங்க. இங்க பசங்க ஆடுறாங்களே. புழக்கத்துல இருக்கிற இடத்த எடுத்தா நாளைக்கு நீங்களே மனுவோட வந்து நிப்பீங்க. யாருக்காவது ஆட்சேபணை இருந்தா இப்பவே சொல்லிடுங்க" என்றார்.

அங்கே நின்ற பெண்களில் பாதிப் பேரின் மகள்கள் கோட்டுக்குள் நின்றார்கள். எதிர்வீட்டு அத்தை தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எல்லாவற்றுக்கும் முன்னால் நின்று பேசிய அம்மாவும் பேசவில்லை. அக்காவைப் பார்த்தாள். ஏதோ சாதாரணமாகப் பார்க்கிறாள் என்றுதான் நான் நினைத்தேன்.

அக்கா பந்தை நஸ்ரினிடம் கொடுத்துவிட்டு முன்னால் வந்தாள்.

"ஓரமா கட்டினா மிச்ச இடத்துல ஆடலாமா சார்?"

"கீழ்த்தொட்டி, மோட்டார் ரூம், சுத்துச்சுவர் எல்லாம் வரும்மா. உள்ள யாரையும் விட மாட்டாங்க. இதுக்கே இடம் பத்துமான்னு அளந்து பாக்கணும்."

அக்கா சுண்ணாம்புக் கோடுகளைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு, "பத்தும் சார். கோர்ட்டு நீளம் பதினெட்டு மீட்டர், அகலம் ஒன்பது. சுத்தியும் மூணு மீட்டர் விட்டிருக்கோம். நான்தான் அளந்தேன்" என்றாள்.

"அப்போ ஆட்சேபணை இல்ல?"

"கட்டுங்க சார்."

பொறியாளர் அவள் சொன்னதை அப்படியே குறித்துக்கொண்டார். எனக்குத் தலைகால் புரியாத பெருமை. பெரிய அதிகாரி என் அக்கா சொல்வதைக் கேட்டு எழுதுகிறார் என்று மறுநாள் பள்ளிக்கூடத்தில் ஒருத்தர் விடாமல் சொன்னேன். அன்று வீட்டுக்குத் திரும்பும் வழியில் அம்மா, "ஏட்டி, வேற எடம் ஏதாவது பாப்போம்" என்றாள். அக்கா, "பாக்கலாம்மா" என்றாள். இரண்டு பேர் குரலும் ஒன்றுபோல இருந்தது.

ஜல்லியும் மணலும் வந்து இறங்கின. சவுக்குக் கட்டைகளைப் பிடுங்கியபோது மண் பிடிவாதமாகப் பிடித்துக்கொண்டது. பெண்கள் சில நாட்கள் தெருவிலேயே ஆடிப் பார்த்தார்கள். பைக்குகள் ஹாரன் அடித்தன, ஒரு வீட்டு ஜன்னல் கண்ணாடி உடைந்தது. அடுத்த கல்வியாண்டில் எதிர்வீட்டு அத்தையின் பெண்கள் டியூஷனில் சேர்ந்தார்கள். நஸ்ரின் கடையில் அப்பாவுக்குத் துணையாகக் காஜா எடுக்க உட்கார்ந்தாள். அக்கா கொஞ்ச நாள் எங்கள் மாடிச் சுவரில் தனியாகப் பந்தை அடித்துக்கொண்டிருந்தாள். சுவரில் விரிசல் விழும் என்று அப்பா சொன்னார். அதன் பிறகு அந்தச் சத்தமும் கேட்கவில்லை.

சொன்ன சொல்லை மாஸ்டர் காப்பாற்றினார். பன்னிரண்டாவது பரீட்சை முடிந்ததும் அவளைத் தேர்வுக்கு அழைத்துப்போனார். போன அன்றே திரும்பிவிட்டாள். நான் வாசலிலேயே கேட்டேன். "கை வரலடி" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்ச் சீருடையைத் துவைக்கப் போட்டாள். அப்பா அவளுக்குப் பிடிக்கும் என்று பரோட்டா வாங்கிவந்தார். எல்லாரும் சாப்பிட்டோம்.

இப்போது எங்கள் நகரில் இல்லாதது எதுவும் இல்லை. பஸ் உள்ளே வருகிறது, இரவெல்லாம் விளக்கு எரிகிறது, இரண்டு சூப்பர் மார்க்கெட், ஒரு ஜிம். மணிக்கு இவ்வளவு என்று வாடகைக்கு விடும் பச்சைப் புல்விரிப்பு மைதானம்கூட வந்துவிட்டது, வலை போட்டு மூடி, பகல்போல வெளிச்சத்தோடு. அக்கா திருமணமாகி அயனம்பாக்கம் ஏரிப் பக்கம் இருக்கிறாள், ஒரு மருந்துக் கம்பெனியில் கணக்கு பார்க்கிறாள். ஒரு தடவை அந்த மைதானத்தைத் தாண்டிப் போகும்போது அவளிடம் கேட்டேன், அன்றைக்கு ஆட்சேபணை இருக்கிறது என்று சொல்லியிருக்கலாமே என்று. "அம்மா இடுப்ப நீ பாத்ததில்லையே" என்றாள். குடம் பதிந்த இடம் கறுத்துக் காய்த்துப்போயிருக்குமாம்.

தொட்டியிலிருந்து முதன்முதலாகத் தண்ணீர் வந்தது அவள் தேர்வுக்குப் போய்வந்த சில வாரங்களுக்குப் பின். பிற்பகல் நேரம். தெருக்குழாயைச் சுற்றிச் சந்தனம் குங்குமம் வைத்து, தேங்காய் உடைத்து, ஒரே கூச்சல். எதிர்வீட்டு அத்தை தண்ணீரை வாயில் விட்டுப் பார்த்து, "ஐய, கல்கண்டாட்டம் கீதும்மா" என்றாள். பெண்கள் அம்மாவுக்கு மாலை போட வந்தார்கள். அவள் அங்கே இல்லை. முதல் குடத்தைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டாள் என்றார்கள். நான் தேடிக்கொண்டு ஓடினேன்.

கொல்லைப்புறத்தில் துவைக்கும் கல்மேல் அக்காவை உட்காரவைத்திருந்தாள் அம்மா. கழுத்தளவு முடியை விரித்து, சீயக்காய் தேய்த்து, சொம்புசொம்பாக மொண்டு ஊற்றிக்கொண்டிருந்தாள். கல்லூரிக்குப் போகவேண்டிய பெண்ணைக் கைக்குழந்தையைக் குளிப்பாட்டுவதுபோலக் கழுத்து, காதுமடல், விரலிடுக்கு என்று ஒவ்வொன்றாகத் தேய்த்தாள். பந்தடித்துக் காய்த்திருந்த உள்ளங்கையை விரித்துப் பிடித்து அதன்மேல் மட்டும் திரும்பத் திரும்ப ஊற்றினாள். அக்கா கண்ணை மூடிக்கொண்டிருந்தாள். குடம் காலியானதும் அம்மா மறுபடி போய் நிறைத்து வந்தாள். ஒரு சொட்டு சிந்தினாலே எங்களை வையும் அம்மா, அன்று தெளிந்த தண்ணீர் கொல்லை முழுக்க ஓடுவதைக் கண்டுகொள்ளவே இல்லை.

எனக்கும் ஊற்று என்று நான் அழுதேன். நல்ல தண்ணீர் வந்த முதல் நாளில் மூத்தவளுக்கு மட்டும் இத்தனை குடமா என்று கால்களை உதைத்துக்கொண்டு அழுதேன். அம்மா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. இரண்டு பேரும் ஒரு வார்த்தைகூடப் பேசிக்கொள்ளவில்லையே, பேசாமல் அப்படி என்னதான் குளியல் என்று எனக்குக் கோபம் கோபமாக வந்தது.