மருந்துக் கட்டத்தில் ‘இல்லை’

உடற்கல்வி ஆசிரியர் வேலை என்றால் விசில் ஊதுவது என்று ஊர் நினைக்கிறது. உண்மையில் அது பாரம் நிரப்புகிற வேலை, இடையிடையே கொஞ்சம் விசில்.

தொண்ணூறுகளில் ஓசூரில் ஒரு கல்லூரியில் நான் அந்த வேலை பார்த்தேன். ஓர் ஆட்டக்காரன் பந்தைத் தொடுவதற்குள் அவனுடைய உயரம், எடை, அப்பா பெயர், அங்க அடையாளம் என்று நான்கு பக்கம் எழுதியாக வேண்டும். ரேஷன் கார்டுக்கும் கேஸ் இணைப்புக்கும் கட்டம் கட்டமாக எழுதிக் கை ஓய்ந்தவர்களே, நீங்கள் என் கட்சி.

பாரம் திரும்பாத வித்தை

எனக்கு இந்த வித்தையைக் கற்றுக்கொடுத்தவர் எங்கள் தலைமை எழுத்தர் முனிரத்தினம். வீட்டில் தெலுங்கு, ஆபீசில் தமிழ், கோபம் வந்தால் கன்னடம். சேர்ந்த புதிதில் நான் அனுப்பிய பாரங்களெல்லாம் போன வேகத்தில் திரும்பி வந்தன. ஒரு பையனுக்குச் சின்ன வயதில் மஞ்சள் காமாலை வந்ததை உண்மையாக எழுதிவிட்டு, அதற்கு விளக்கம் கேட்டு வந்த மூன்று கடிதங்களுக்குப் பதில் எழுதினேன்.

முனிரத்தினம் பாரத்தை வாங்கிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “கட்டத்தைக் காலியா விட்டா பாரம் திரும்பி வரும் சார். எதையாச்சும் எழுதினா கேள்வி வரும். ‘இல்லை’ன்னு எழுதுங்க, ரெண்டும் வராது.”

நான் டாக்டரான கதை

என்னிடம் ஒரு தகரப் பெட்டி உண்டு. பஞ்சு, அயோடின், வலி நிவாரணத் தைலம், இருமல் மருந்து. அதைக் கையில் தூக்கினால் என் நடையே மாறிவிடும். இரண்டு வருடம் கூடுதலாகப் படித்திருந்தால் பெரிய ஆஸ்பத்திரியே என்னை நம்பித்தான் ஓடியிருக்கும் என்று எனக்கு ஒரு நினைப்பு.

எங்கள் கூடைப்பந்து அணியில் இலியாஸ் என்று ஒருவன். கெலமங்கலம் சந்தையில் அவன் அப்பா புளி வியாபாரம். பையன் ஆறடி இரண்டங்குலம். தொழிற்பேட்டையில் ஒரு தொழிற்சாலை, தன் அணிக்கு அவனைப் பார்த்து வைத்திருந்தது. நாலு மாதத்தில் தேர்வு, எடுத்துக்கொண்டால் நிரந்தர வேலை. அந்த வீட்டில் மாதச் சம்பளம் வாங்கப் போகும் முதல் ஆள் அவன்தான்.

பெங்களூரில் கல்லூரிகளுக்கு இடையிலான போட்டி. கிளம்புகிற வாரம் பார்த்து ஓசூர்த் தூறல் அவனைப் பிடித்துக்கொண்டது. மூக்கு ஒழுக நின்றான். பெட்டியைத் திறந்தேன். ராத்திரிக்கு இரண்டு மூடி, காலையில் இரண்டு மூடி, ஆட்டத்துக்கு முன்னால் என் அன்பளிப்பாக இன்னொரு மூடி. லேபிளில் எறும்பு அளவு எழுத்தில் ஏதோ இருந்தது. கண்ணாடி போட்டுப் படிக்க எனக்கு கௌரவம் இடம் கொடுக்கவில்லை.

இலியாஸ் மூடியை நக்கிவிட்டுச் சொன்னான்: “டாக்டருகிட்ட போனா ஊசி போடுவாரு சார். நீங்க இனிப்பாத் தர்றீங்க.”

வராத விருந்தாளி

ஆட்டத்தில் ஜெயித்தோம். அந்த வருடம் புதிதாக ஊக்கமருந்துச் சோதனை வைத்திருந்தார்கள். சீட்டுக் குலுக்கியதில் இலியாஸ் பெயரும் எங்கள் அணியின் இன்னொரு பையன் நாகராஜ் பெயரும் வந்தன. இருவரும் ஆளுக்கொரு குப்பியில் சிறுநீர் கொடுக்க வேண்டும், அதுவும் ஓர் அதிகாரி பக்கத்தில் நின்று பார்க்கும்போது.

பையன்கள் உள்ளே போன நேரத்தில் என் கைக்குப் பாரம் வந்தது. ‘கடந்த ஒரு வாரத்தில் உட்கொண்ட மருந்துகள்’ என்று ஒரு கட்டம். ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. இருவருக்கும் ‘இல்லை’, ‘இல்லை’ என்று எழுதி, கீழே அழகாகக் கையெழுத்தும் போட்டேன். என் காலடியில்தான் அந்தத் தகரப் பெட்டி இருந்தது.

இலியாஸ் இரண்டு நிமிடத்தில் வெளியே வந்துவிட்டான். நாகராஜுக்குக் கூச்சம். மூன்று இளநீர் குடித்தான், குழாயைத் திறந்து வைத்துப் பார்த்தான், நடந்தான், உட்கார்ந்தான். நான் வெளியிலிருந்து விசில்கூட ஊதிப் பார்த்தேன். ஒரு மணி நேரம் ஆனதும் உள்ளேயிருந்து அழாத குறையாகக் கன்னடத்தில் குரல் வந்தது: “பர்தா இல்லா சார், நீவு ஹோகி!” வரவில்லையாம், நான் அங்கிருந்து போக வேண்டுமாம்.

கடிதம்

மூன்று வாரம் கழித்துக் கடிதம் வந்தது. நாகராஜ் சுத்தம். இலியாஸின் மாதிரியில் எபிட்ரின் என்ற தடைசெய்த ஊக்கமருந்து. ஒரு வருடம் ஆடத் தடை, ஜெயித்த ஆட்டம் தோற்றதாகக் கணக்கு. ஆட்சேபணை இருந்தால் பத்து நாளில் நேரில் வந்து சொல்லலாம்.

ஒரு வருடம் தடை என்றால் தேர்வும் போச்சு, வேலையும் போச்சு. எனக்கு வந்த கோபத்தைப் பார்க்க வேண்டுமே! அவனை மைதானத்து நடுவில் நிறுத்தி, ஒழுக்கம், கல்லூரியின் மானம், பெற்றோர் வயிற்றெரிச்சல் என்று கால் மணி நேரம் பேசினேன். கடைசியில், “என்னத்தடா சாப்பிட்டுத் தொலைச்சே?” என்று கத்தினேன்.

அவன் தலையைக் குனிந்துகொண்டு சொன்னான்: “நீங்க குடுத்ததுதான் சார்.”

பாட்டிலோடு ஒரு பயணம்

அன்று முதல்முறையாக அந்த லேபிளைக் கண்ணாடி போட்டுப் படித்தேன். இரண்டாவது வரியிலேயே எபிட்ரின் இருந்தது.

பயந்துபோனேன். மறைப்பானேன்? பையனுக்காகப் பயந்ததைவிட எனக்காகத்தான் அதிகம் பயந்தேன். பொய்க் கையெழுத்து என்று வேலையிலிருந்து தூக்கிவிட்டால்? முனிரத்தினம் வேறு, “காகிதத்துல ‘இல்லை’ன்னு இருக்குது, அப்படியே இருக்கட்டும் சார்” என்றார். ஆறு நாள் ஒன்றும் செய்யாமல் இருந்தேன். ஏழாவது நாள் இலியாஸின் அப்பா கல்லூரிக்கு வந்தார். சண்டைக்கு வந்திருக்கிறார் என்று ஸ்டோர் ரூமுக்குள் போய்ப் பந்துகளை எண்ணினேன். அவர் வாசலில் நின்று, “பையனுக்குச் சளி வந்தப்ப மருந்து குடுத்துப் பாத்துக்கிட்டீங்களாம். நல்லா இருக்கணும் சார் நீங்க” என்று சொல்லிவிட்டுப் போனார். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். இதைத் தாங்க முடியவில்லை.

ஒன்பதாவது நாள் பாட்டிலும் கையுமாக பெங்களூரில் விசாரணைக் குழுவின் முன் நின்றேன். மருந்து கொடுத்தவன் நான், ‘இல்லை’ என்று எழுதியவனும் நான், பையன் அந்தப் பாரத்தைப் பார்க்கவே இல்லை என்று எழுதிக் கொடுத்தேன். தலைவர் ஒரு டாக்டரம்மா. பாட்டிலை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். ஜெயித்த ஆட்டம் தோற்றதாகப் போட்ட கணக்கு மாறவில்லை. இலியாஸின் தடை, ஆட்டம் நடந்த நாளிலிருந்து மூன்று மாதம் என்று குறைந்தது, தேர்வுக்கு முன்பே முடிந்துவிடும். என்னை ஒரு வருடம் எந்த அணியோடும் மைதானத்தில் கால் வைக்கக் கூடாது என்றார்கள்.

பாட்டிலைத் திருப்பிக் கொடுக்கும்போது டாக்டரம்மா சொன்னார்: “ஊக்கமருந்து குடுத்தவங்க நிறையப் பேரைப் பாத்திருக்கேன். மூடியில அளந்து, அன்பா குடுத்தவர் நீங்க ஒருத்தர்தான்.”

இன்னொரு பாரம்

தேர்வில் இலியாஸை எடுத்துக்கொண்டார்கள். வேலைக்குச் சேரும் பாரத்தோடு என்னைப் பார்க்க வந்தான். நான் பார்வையாளர் வரிசையில், தடை பெற்றவனுக்குரிய அடக்கத்தோடு உட்கார்ந்திருந்தேன். அந்தப் பாரத்திலும் மருந்துகளுக்கு ஒரு கட்டம் இருந்தது. பழக்கதோஷம், பேனாவை எடுத்துக் கையை நீட்டினேன்.

அவன் பாரத்தை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனான். “வேணாம் சார், கையெழுத்து போடறவன் நான், நானே எழுதிக்கிறேன். நீங்க ஆசீர்வாதம் மட்டும் பண்ணுங்க, மருந்து வேணாம்.”

மொத்தத்தில், ஒரு மூடிகூடக் குடிக்காமல் ஊக்கமருந்துக்காக ஒரு வருடம் தடை வாங்கிய பெருமை, எங்கள் வட்டாரத்தில் இன்றுவரை எனக்கு மட்டும்தான்.