ஜிப் வைத்த புலியும் கம்பளி இல்லாத ஆடும்

இல்லாத ஊரில் உலாவுகிற ஆளுக்கு, அங்கே இல்லாத விலங்கின் தோலை வரைந்து போர்த்திவிடுவதுதான் என் தொழில்; ஊர் பொய், தோல் பொய், வாங்குகிற திட்டு மட்டும் அசல்.

கம்ப்யூட்டருக்குள் ஒரு மாய உலகம் இருக்கிறது. அதில் ஆட்கள் தங்களுக்குப் பிடித்த உருவத்தில் நடப்பார்கள், ஆடுவார்கள், அரட்டை அடிப்பார்கள். அந்த உருவத்துக்கு அவதார் என்று பெயர். பாதிப் பேருக்கு மனித உருவம் சலித்துவிட்டது. புலியாக, நரியாக, கரடியாக வர ஆசைப்படுகிறார்கள். உடம்பை வேறொருவர் செய்து கொடுத்துவிடுவார். அது வெள்ளையடிக்காத சுவர் மாதிரி மொட்டையாக நிற்கும். அதன்மேல் போர்த்துகிற முடியுள்ள தோல்தான் என் வேலை. சட்டைக்கு வெட்டிய துணி போல அந்தத் தோல் தட்டையாகக் கிடக்கும். அதில் முடி முடியாக வரைய வேண்டும். நீங்களும் ஆர்டர் எடுத்து வேலை செய்கிறவராக இருந்தால், அதாவது ஜாக்கெட் தைக்கிற அக்காவோ, பிளெக்ஸ் அடிக்கிற அண்ணனோ, கல்யாண ஆல்பம் போடுகிறவரோ என்றால், என் வயிற்றெரிச்சலில் பாதி உங்களுக்கும் சொந்தம்.

எங்களுக்கு மேச்சேரி, செம்மறி ஆட்டுக்குப் பேர்போன ஊர். அப்பா ஆட்டு வியாபாரி. நான் பிளஸ் டூ முடித்ததும் அவர் நாமக்கல்லில் நர்சிங் என்றார், நான் சேலத்தில் அனிமேஷன் என்றேன். மூன்று நாள் இரண்டு பேரும் பேசாமல் இருந்து, அம்மா மூலமாகப் பேசி, கடைசியில் ஓர் உடன்படிக்கைக்கு வந்தோம். கல்லூரி விண்ணப்பத்தின் கடைசி நாளுக்குள் நான் வரைந்த தோல் ஒன்றாவது கடையில் ஏற வேண்டும். ஏறினால் அனிமேஷன். ஏறாவிட்டால் வாயை மூடிக்கொண்டு நர்சிங். கடை என்றது, ஈரோட்டுச் சதீஷ் அண்ணன் அந்த மாய உலகத்துக்குள் நடத்துகிற தோல் கடை. ஆர்டர் கொடுத்தவர் சரி என்று சொல்ல வேண்டும், அல்லது சதீஷ் அண்ணனுக்கே பிடித்துப்போக வேண்டும். அதற்கு மேல் அந்த உலகத்தை நடத்துகிறவர்கள் ஒரு தடவை பரிசோதிப்பார்கள்.

எனக்கு இன்னொரு வியாதியும் உண்டு. யார் குரலைக் கேட்டாலும் அரைமணி நேரத்தில் அது என் தொண்டைக்குள் குடிவந்துவிடும். ஹெட்மிஸ்ட்ரஸ் குரலில் ஒரு வகுப்பையே மத்தியானம் வீட்டுக்கு அனுப்பியிருக்கிறேன். அதையும் மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

புதிய மாடல் புலி

முதல் ஆர்டர் சென்னையிலிருந்து வந்தது. வரிப்புலி. எட்டு நாள் கோடு கோடாக இழைத்தேன். தட்டையாகக் கிடந்தபோதே பார்க்கிறவர்களுக்குப் பயம் வரும், அப்படி ஒரு புலி. ஆனால் உடம்பில் போர்த்தும்போது தோலின் இரண்டு ஓரமும் முதுகில் வந்து சேரும். அந்த இடத்தில் இந்தப் பக்கக் கோடும் அந்தப் பக்கக் கோடும் சரியாகச் சந்திக்க வேண்டும். என் கோடுகள் பங்காளிச் சண்டை போட்டவர்கள் மாதிரி ஒரு விரல் தள்ளி நின்றன. நான் அதைக் கவனிக்கவே இல்லை. முகத்தையே பார்த்து ரசித்துக்கொண்டு இருந்துவிட்டேன். ஆர்டர் கொடுத்தவர் போன் செய்தார். "புலி நல்லாத்தான் இருக்கு மேடம். முதுகுல எதுக்கு ஜிப் வெச்சிருக்கீங்க?"

"ஒரு நிமிஷம் சார், மேனேஜர்கிட்ட தரேன்" என்று போனைக் கீழே வைத்தேன். எங்கள் கணக்கு வாத்தியாரின் கனத்த குரலை எடுத்து மாட்டிக்கொண்டு, ஒரு முறை கனைத்து, இது புதிய மாடல் என்றும், கோடுகள் விலகியிருந்தால்தான் புலி ஓடும்போது கம்பீரமாகத் தெரியும் என்றும் விளக்கினேன். அவர் பொறுமையாகக் கேட்டார். பிறகு சொன்னார்: "சரிங்க சார். மேடம் பேசும்போது பின்னாடி கத்தின ஆடு, நீங்க பேசும்போதும் கத்துதே. ரெண்டு பேருக்கும் ஒரே ரூமா?"

மதுரைப் பூனை

மதுரைக்காரர் ஒருவருக்குத் தன் பூனையாகவே மாய உலகத்தில் உலாவ ஆசை. போட்டோ அனுப்பினார். வெள்ளைப் பூனை, இடது கண்ணைச் சுற்றி மட்டும் கறுப்பு. புலியில் சூடு பட்டிருந்ததால் இந்த முறை முதுகுக் கோட்டில் கண்ணும் கருத்துமாக இருந்தேன். ஆனால் எங்கள் தொழிலில் ஒரு குறுக்கு வழி உண்டு. உடம்பில் பாதியை மட்டும் வரைந்தால் போதும், மீதிப் பாதியைக் கம்ப்யூட்டர் கண்ணாடியில் தெரிகிற மாதிரி திருப்பிப் போட்டுவிடும். வேலை பாதி, பெயர் முழுசு. நான் கறுப்புள்ள பாதியை வரைந்து திருப்பினேன். இரண்டு கண்ணிலும் கறுப்பு வந்து உட்கார்ந்துகொண்டது.

"என்னம்மா இது, எங்க பூனை திருடப் போற மாதிரி முழிக்குது?" என்று கேட்டார். மன்னிப்புக் கேட்டு, பாதியை அழித்து, அந்தப் பக்கத்தை முடி முடியாக மறுபடி வரைந்தேன். ஆறு நாள். அனுப்பிய அன்று சாயங்காலமே பதில் வந்தது. "தாயி, அந்தப் பூனை அடுத்த தெருவுக்குக் குடிபோயிருச்சு. நமக்கும் அதுக்கும் இனி பேச்சில்ல. கரடி பண்ணிரும்மா, கண்ணு மட்டும் அப்படியே இருக்கட்டும்."

ஜன்னலோரக் கரடி

பல்லைக் கடித்துக்கொண்டு கரடியில் இறங்கினேன். நீளமான முடி, ஆயிரக்கணக்கான கோடுகள். தட்டையான தோலில் எது மேல், எது கீழ் என்று ஓர் அளவுக்கு மேல் கண்ணுக்குப் பிடிபடாது. அது தெரியாமல் நான் பாட்டுக்கு இழுத்துக்கொண்டே போனேன். முடித்ததும் பெருமையாக அப்பாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். விண்ணப்பத்துக்கு இருபது நாள் இருந்தது. கொஞ்சம் இளகுவார் என்று ஒரு நப்பாசை.

அப்பா சந்தையில் ஆடு பார்க்கிறபோது வாலிலிருந்து கழுத்துப் பக்கமாக எதிர்முடியில் ஒரு தடவு தடவுவார். முடி படுத்து எழுகிற விதத்திலேயே ஆட்டின் சங்கதி அவருக்குத் தெரிந்துவிடும். அதே மாதிரி ஸ்கிரீனில் விரலை வைத்து என் கரடியை வாலிலிருந்து கழுத்து வரை தடவினார். எதிர்முடியே வரவில்லை. உடம்பு முழுக்க முடி தலையைப் பார்த்துச் சாய்ந்திருந்தது. விரலை எடுத்துவிட்டு ரொம்பச் சாதாரணமாகக் கேட்டார்: "ஏஞ்சாமி, இந்தக் கரடி ஓமலூர்ல இருந்து பஸ்ஸுல பின்னால திரும்பி ஜன்னலோரம் உக்காந்து வந்துச்சா?"

யானைக்கு முடி

கரடியைத் திருத்தி முடிப்பதற்குள் மதுரைக்காரர் மீன் தொட்டி வாங்கி, அவதாரமே வேண்டாம் என்று போய்விட்டார். எனக்கு வந்த எரிச்சலுக்கு யாரையாவது சீண்டினால்தான் தாங்கும் போலிருந்தது. கடையில் எனக்கு முன்பிருந்தே வேலை செய்கிறவர் ராசிபுரத்து நித்யா அக்கா. உடம்பும் செய்வார், தோலும் போடுவார், யார் எதைச் சொன்னாலும் நம்புவார். அப்போது அவர் கையில் ஒரு யானை இருந்தது. சதீஷ் அண்ணனுக்குக் கீச்சுக் குரல், எனக்கு அது வெல்லம். அம்மா போனிலிருந்து கூப்பிட்டேன். "நித்யா, எம் போன்ல சார்ஜ் இல்ல, வேற நம்பர்ல பேசறேன். அந்த யானை இருக்குதுல்ல, அதுக்கு முடி போடு. தலையில இருந்து வால் வரைக்கும். சடைசடையா தொங்கோணும்." அக்கா "சரிங்கண்ணா" என்றார். நான் தலையணையைக் கடித்துக்கொண்டு சிரித்தேன்.

அக்கா நிஜமாகவே போட்டுவிட்டார், ஐந்து நாள் உட்கார்ந்து. விஷயம் வெளியே வந்தபோது சதீஷ் அண்ணன் எனக்குப் போன் செய்தார். "பாப்பா, இனிமேட்டு என் குரல்ல நீ பேசுனீன்னா, உன் குரல்ல நான் உங்கப்பாகிட்டப் பேச வேண்டியிருக்கும், பார்த்துக்கோ." அதோடு போயிருந்தால் பரவாயில்லை. சடை யானை அவருக்குப் பிடித்துப்போயிற்று. கடையில் ஏற்றினார். பரிசோதனையும் ஒரே தடவையில் தாண்டியது. மாய உலகத்தில் ஒரு கூட்டமே சடை யானையாகத் திரிய ஆரம்பித்தது. என் வாயிலிருந்து வந்த யானை, அக்கா பெயரில். என் பெயரில் இன்னும் ஓர் எலிகூட ஏறவில்லை. நித்யா அக்கா கோபப்படவே இல்லை, அதுதான் இன்னும் எரிந்தது. "கண்ணு, அடுத்த தடவ அண்ணன் குரல்ல கூப்பிடறதுக்கு முன்னாடி ஒரு மிஸ்டு கால் குடு. நோட்டும் பேனாவும் எடுத்து வெச்சுக்கறேன்."

கனடாவுக்குப் போன ஆடு

பத்து நாள் மிச்சம் இருக்கும்போது அந்த ஆர்டர் வந்தது. கனடாவிலேயே பிறந்து வளர்ந்த யாழ்ப்பாணத்துக் குடும்பத்து அண்ணன். செம்மறி ஆடு வேண்டும், அசலாக இருக்க வேண்டும், வேறு நிபந்தனை இல்லை. நான் வீட்டுக்குள் ஒரு சுற்றுச் சுற்றி ஆடினேன். மேச்சேரிக்காரியிடம் செம்மறி கேட்கிறார்கள். பட்டிக்குப் போய் நல்ல செம்பழுப்பு ஆடு ஒன்றை நிறுத்தி எல்லாப் பக்கமும் போட்டோ எடுத்தேன். முதுகுக் கோடு மயிரிழை பிசகாமல் சேர்ந்தது. இரண்டு பக்கத்தையும் தனித்தனியாக வரைந்தேன். முடி கழுத்திலிருந்து வாலுக்கு, குட்டையாக, படிந்து, வெயிலில் மினுங்குகிற மாதிரி. அப்பா வந்து ஸ்கிரீனைத் தடவினார். ஒன்றும் சொல்லவில்லை. சந்தையில் அவர் ஒன்றும் சொல்லாமல் நின்றால் அந்த ஆட்டை விடப்போவதில்லை என்று அர்த்தம். எனக்குச் சேலம் பஸ் ஸ்டாண்டே கண்ணுக்குத் தெரிந்தது.

அனுப்பினேன். "கம்பளி எங்கை?" என்று பதில் வந்தது. எங்கள் ஊர்ச் செம்மறிக்குக் கம்பளி கிடையாது, குட்டை முடிதான், இந்த வெயிலில் கம்பளி வைத்தால் ஆடு வெந்துவிடும் என்று எழுதினேன். பட்டியில் நின்ற முப்பது ஆட்டையும் சாட்சிக்கு வீடியோ எடுத்து அனுப்பினேன். வேறு ஆட்டையே பார்க்காமல் வளர்ந்தவளுக்கு, ஆடு என்றதும் மற்றவர்கள் மனதில் ஒரு பஞ்சு மூட்டை வந்து நிற்கும் என்று எப்படித் தெரியும்? அவர் வீடியோ முழுவதையும் பார்த்திருக்கிறார். குரலில் கோபமே இல்லாமல் ஒரு வாய்ஸ் மெசேஜ் அனுப்பினார்: "தங்கச்சி, நாய் எல்லாம் நல்ல வடிவா இருக்கு, முப்பதையும் பார்த்தனான். நான் கேட்டது ஆடெல்லோ?"

வெள்ளிக்கிழமைக்கு முதல் நாள்

வெள்ளிக்கிழமை விண்ணப்பத்துக்குக் கடைசி நாள். வியாழக்கிழமை காலையில் அம்மா நர்சிங் விண்ணப்பத்தையும் எடுத்து மேஜைமேல் வைத்துவிட்டார். பதினொரு மணிக்குச் சதீஷ் அண்ணன் கூப்பிட்டார். என் தோல் கடையில் ஏறிவிட்டது, பரிசோதனையும் தாண்டிவிட்டது. "எந்தத் தோல்?" என்று கேட்டேன். படம் அனுப்பினார். எங்கள் ஆடுதான்; கனடா அண்ணன் தள்ளியது சதீஷ் அண்ணனுக்குப் பிடித்துப்போயிருக்கிறது. கீழே, கனடா அண்ணன் சொன்னபடியே பெயர்: நாட்டு நாய், செம்பழுப்பு.

அப்பா வாங்கிப் பார்த்தார். படத்தைப் பார்த்து முகம் மலர்ந்தது. பெயரைப் படித்ததும் சுருங்கியது. "பல்லைப் புடிச்சுப் பாத்து வயசு சொல்லி விக்கறவன் நான். ஒரு நாளைக்கும் ஒன்னைய இன்னொன்னுன்னு சொன்னதில்ல. நம்மூட்டு ஆட்டை நாயின்னு போட்டிருக்குதே சாமி" என்றார். பேனா அவர் சட்டைப் பையிலேயே இருந்தது.

பின்கட்டுக்குப் போய், சதீஷ் அண்ணன் குரலில் அப்பாவுக்கு ஒரு போன் போட்டால் போதும். பேரை மாத்தியாச்சுங்க என்ற இரண்டு சொல் தொண்டை வரைக்கும் வந்து நின்றது. ஆனால் அப்பா அந்தப் படத்தை இன்னும் கையில் வைத்திருந்தார், கட்டை விரலால் எதிர்முடியில் தடவிக்கொண்டு. என் சொந்தக் குரலிலேயே சதீஷ் அண்ணனைக் கூப்பிட்டு, ஸ்பீக்கரில் போட்டு, "அண்ணா, அது நாய் இல்ல, மேச்சேரி ஆடு. பேரை மாத்திருங்க" என்றேன். சொல்லும்போது குரல் உடைந்தது. யாருடைய குரலிலும் எனக்கு இதுவரை அப்படி உடைந்ததில்லை.

"மாத்தறது ஒன்னும் பெரிசில்ல பாப்பா. ஆனா கடையில இருந்து எறக்கி மறுபடியும் பரிசோதனைக்கு அனுப்போணும். நாலு நாளாகும். உனக்கு நாளைக்குத்தானே கடைசி?" என்றார்.

அப்பா போனை என் கையிலிருந்து வாங்கினார். "தம்பி, எறக்கிப் போடாதீங்க. நாளைக்குச் சாயந்தரம் வரைக்கும் அது நாயாவே இருக்கட்டும். சனிக்கிழமை ஆடா மாத்திப் போடுங்க" என்றார். பேனாவை எடுத்து அனிமேஷன் விண்ணப்பத்தில் கையெழுத்துப் போட்டார். மூடியைத் திருகி, பேனாவைப் பையில் செருகிக்கொண்டு சொன்னார்: "கையெழுத்து ஆட்டுக்குப் போட்டது சாமி, நாய்க்கு இல்ல."

கல்லூரியில் சேர்ந்து எத்தனையோ சனிக்கிழமை போயும் சதீஷ் அண்ணன் பேரை மாற்றவில்லை. ஆகவே இந்தத் தொழிலில் நான் கடையேற்றிய ஒரே நாய், இன்றைக்கும் எங்கள் பட்டியில் நின்று வெள்வேலங்காய் மென்றுகொண்டிருக்கிறது.